கூமாப்பட்டிப் பேருந்தின் கையிருப்பு

திரையில் எந்தப் புள்ளி எந்த வண்டி, எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர மணிகண்டன் இருக்கிறார். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார். ஓய்வு பெற்றுப் போன என்னைத் தேடிப் பிடித்து, "புதுசா வந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க மேடம்" என்று அவர் கேட்டபோது, அறிவுரையாக ஏதாவது வரும் என்று நினைத்திருப்பார். அறிவுரை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. திட்டும் பழக்கம்தான் உண்டு. என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். இன்று யாரையும் திட்டப் போவதில்லை. ஒரே ஒரு சாயங்காலத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால், நாம் என்ன வேலை செய்கிறோம் என்பதை என் பாஷையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பகலில் வெயில் அடிக்கிறது, சூரிய மின்சாரம் மிஞ்சிக் கிடக்கிறது. அப்போது ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நிற்கிற மின்சார ஆட்டோக்கள், சரக்கு வண்டிகள், ஆலைப் பேருந்துகள் எல்லாவற்றின் பேட்டரியையும் நிரப்பிக்கொள்கிறோம். பொழுது சாய்ந்ததும் ஊரே விளக்கைப் போடுகிறது, மோட்டாரைப் போடுகிறது, மாவாட்டுகிறது. அந்த நேரத்தில் துணைமின் நிலையம் திணறும். அப்போது நின்றுகொண்டிருக்கும் வண்டிகளிலிருந்து மின்சாரத்தைத் திருப்பி எடுத்து அதற்குக் கை கொடுக்கிறோம். எந்த வண்டிக்கும் இவ்வளவுக்குக் கீழே எடுக்க மாட்டோம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறோம். அதற்குப் பெயர் கையிருப்பு. இதற்கு மேல் நம் வேலையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

துணைமின் நிலையங்களில் ஆயுசைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்ற நான் இந்த வேலைக்கு வந்தபோது, என் வீட்டுக்காரரே கேலி செய்தார். "இம்புட்டு வருசம் டவருலேருந்து வந்த கரண்டைப் பாத்தவ, இப்ப ஆட்டோவுலேருந்து கறக்கப் போறியா?" என்றார். அப்புறம் அவரே போய் மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிவந்து, நம் திட்டத்தில் சேர்த்துவிட்டு, தினமும் அதிலிருந்து எவ்வளவு எடுத்தோம் என்று என்னிடம் விசாரணை நடத்த ஆரம்பித்தார். கேலி செய்கிறவர்கள்தான் கடைசியில் முழு மூச்சாக இறங்குவார்கள் என்பதை நீங்களும் இந்த ஊர்களில் பார்ப்பீர்கள்.

கையிருப்பு விஷயத்துக்கு வருகிறேன். ராஜபாளையத்து ஓரத்தில், மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி நெய்கிற ஆலை ஒன்று நம் திட்டத்தில் சேர்ந்தது. மலையடிவாரத்து ஊர்களிலிருந்து பெண்களை அழைத்துவந்து, சாயங்காலம் கொண்டுபோய் விடுவதற்கு அவர்களிடம் மின்சாரப் பேருந்துகள் உண்டு. பகல் முழுவதும் கொட்டகையில் சும்மா நிற்கிற பேருந்து, பெரிய பேட்டரி. நம் ஆட்களுக்கு அதைப் பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறியது. ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை அவற்றிலிருந்து எடுக்கலாம், ஏழேகாலுக்கு அவை கிளம்பட்டும் என்று முடிவானது. எவ்வளவு எடுக்கலாம் என்பதில்தான் எனக்கும் சென்னையில் இருந்த திட்டத் தலைவருக்கும் இழுபறி.

கூமாப்பட்டிப் பேருந்துதான் தொலைவாகப் போவது. வரைபடத்தைப் பார்த்துத் தலைவர் ஓர் அளவு சொன்னார். நான் அந்தப் பேருந்தில் ஏறி ஒருநாள் கூமாப்பட்டி வரை போய்விட்டு வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் பேருந்தில் பாட்டு நின்று பேச்சு ஆரம்பித்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் பேச்சியம்மாள். பேச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமாகி ஒரு பெண்குழந்தை. நெய்த துணியில் குறை பார்க்கிற வேலை. நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று நோண்டி நோண்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"எங்க பஸ்ஸுலேருந்து கரண்ட் எடுக்கப் போறீகளா மேடம்?"

"ஆமா. நீங்க உள்ள வேலை பாக்கிற நேரத்துல."

"எம்புட்டு வேணா எடுங்க. ஆனா ஒன்பது மணிக்கு நான் வீட்டுல இருக்கணும்." அவள் சிரிக்காமல் சொன்னாள். "எங்க மாமனார் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாரு. ஒன்பது மணிக்கு அவிய வாசக்கதவைச் சாத்தும்போது நான் உள்ள இருக்கணும். ஒரு நா தப்புனாலும் மறுநா பஸ் ஏறக்கூடாதுன்னுட்டாரு. அவிய சொன்னா சொன்னதுதான்."

"ஒரு நாளைக்கு லேட்டானா ஒண்ணும் ஆயிராதும்மா" என்றேன்.

"ஆயிரும் மேடம். நான் ஒருத்தி நின்னா எங்க தெருவுல எல்லாரும் நின்னுருவாக. என்னையக் காட்டித்தான் இவளுக வீட்டுல சம்மதம் வாங்குனாளுக. 'பேச்சி போகல? பஸ்ஸு வீட்டுக்கிட்டயே வந்து விடல?' அப்படிச் சொல்லித்தான்." கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு மேடம்" என்றாள்.

பெண்ணாகப் பிறந்து, இரவு ஷிப்டுக்குப் போவதற்கு வீட்டில் சண்டை போட்டு வேலை பார்த்தவள் நான். அவள் சொன்னதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாளே கையிருப்பை உயர்த்தி எழுதினேன். போவதற்கு, திரும்பி வருவதற்கு, மகாராஜபுரம் பக்கத்து ஓடையில் தண்ணீர் வந்தால் சுற்றிப் போவதற்கு, அதற்கும் மேலே கொஞ்சம். தலைவர், "இது ரொம்ப அதிகம், பாதி பேட்டரி சும்மா கிடக்கும்" என்றார். "கிடக்கட்டும்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின வாரம், ஸ்ரீவில்லிபுத்தூர் துணைமின் நிலையத்தில் ஒரு மின்மாற்றி பழுது பார்க்கப் போயிருந்தது. மிச்சம் இருந்ததை வைத்துத்தான் ஊரை ஓட்ட வேண்டும். பஜாரில் துணிக்கடைகள் எல்லாம் சீரியல் விளக்கைத் தொங்கவிட்டு ஜெகஜோதியாக இருந்தன. சாயங்காலம் இவ்வளவு தருவோம் என்று நாங்கள் வாக்குக் கொடுத்திருந்தோம். நாலு நாள் கொடுத்தும் காட்டினோம். தலைவர் சென்னையிலிருந்து தினமும் பாராட்டி வாட்ஸ்அப்பில் கைதட்டல் படம் அனுப்பினார். எங்களுக்கும் கொஞ்சம் தலைக்கேறித்தான் போயிருந்தது.

ஐந்தாம் நாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பக்கம் மாடியில் இருந்த நம் பழைய கட்டுப்பாட்டு அறையில் நானும் மணிகண்டனும் உட்கார்ந்திருந்தோம். அவர் அப்போது புதிது. ஆறு மணி தாண்டி வண்டிகளிலிருந்து எடுக்க ஆரம்பித்திருந்தோம். ஜன்னலில் மலை கறுத்துப் போயிருந்தது. பளிச்சென்று ஒரு மின்னல், கொஞ்சம் கழித்து இடி. கட்டடம் அதிர்ந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போன் அடித்தேன்.

"டி.வி. பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா?"

"எல்லாம் பிடுங்கியாச்சு" என்றார் வீட்டுக்காரர். "டி.வி., பிரிட்ஜ், மோட்டார். நம்ம ஸ்கூட்டரையும் பிடுங்கிட்டேன்."

அவர் சொல்லி முடிக்கவும், "மேடம்" என்று மணிகண்டன் குரல் கம்மிக் கூப்பிடவும் சரியாக இருந்தது. திரையைப் பார்த்தேன். பச்சைப் புள்ளிகள் அணைந்துகொண்டிருந்தன. முதலில் அங்கொன்று இங்கொன்று, அப்புறம் கூட்டம் கூட்டமாக. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்டோ ஸ்டாண்டு போனது. பால்கோவா ஏற்றுகிற சரக்கு வண்டிகள் போயின. ராஜபாளையத்துத் தெருக்கள் ஒவ்வொன்றாகப் போயின.

"சர்வர் போயிருச்சு மேடம்" என்றார் மணிகண்டன். எழுந்து வயர்களைத் தடவ ஆரம்பித்தார். "இல்லேன்னா நெட்வொர்க். இடியில ஏதோ அடிபட்டிருச்சு."

"ஒண்ணும் அடிபடல. உக்காருங்க. உங்க வீட்டுல இடி இடிச்சா என்ன செய்வீங்க?"

"எங்க அம்மா எல்லாப் பிளக்கையும்…" என்று சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்து அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

நினைத்துப் பாருங்கள். இந்தத் திட்டத்தைப் போட்டவர்களில் பாதிப் பேர் இந்த மண்ணில் பிறந்தவர்கள். இடிச் சத்தம் கேட்டதும் "பிளக்கைப் பிடுங்கு" என்று அலறுகிற வீட்டில் வளர்ந்தவர்கள். வண்டி எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும், பேட்டரி எந்தச் சூட்டில் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் யோசித்தோம். மின்னல் தாங்கிகளைக்கூட வாங்கி மாட்டினோம். ஆனால் இடி இடித்தால் நம் ஆட்கள் வயரைக் கழற்றுவார்கள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. சோறு தின்பதை யாராவது திட்டத்தில் எழுதி வைப்பார்களா? அதுபோல அது அவ்வளவு இயல்பான காரியம். அத்தனை பேரும் சேர்ந்து கோட்டைவிட்டோம்.

அப்போது கோட்டைவிட்டதைப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. நம் மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு வண்டி விலகினால் அதன் பங்கை மீதி வண்டிகளின் தலையில் ஏற்றிவிடும். விலகாமல் நின்றவை ஆலைப் பேருந்துகள் மட்டும்தான். அவை பூட்டிய கொட்டகைக்குள் நிற்பவை. காவலாளி சாவி இல்லாமல் தொட முடியாது. ஊர் முழுவதன் பங்கும் அந்தப் பேருந்துகள் மேல் வந்து விழுந்தது. கண் முன்னால் அவற்றின் அளவு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கூமாப்பட்டிப் பேருந்து கையிருப்பைத் தொட்டது. திரையில் கட்டம் ஒன்று வந்தது. கையிருப்புக்குக் கீழே எடுக்க அனுமதி உண்டா, இல்லையா?

மணிகண்டன் என்னைப் பார்த்தார். "அனுமதி கொடுத்திரலாமா மேடம்? பஸ் கிளம்புறதுக்கு முன்னாடி இடி நின்னுட்டா ஆட்டோக்காரங்க திரும்பப் பிளக்கைக் குத்திருவாங்க. அதை வச்சு பஸ்ஸுக்கு ஏத்திரலாம்."

"இடி நிக்கலேன்னா?"

அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். அப்புறம், "ஆட்டோக்காரங்களுக்கு மெசேஜ் போடவா? நம்ம சார்ஜர்ல மின்னல் தாங்கி இருக்கு, பயப்படாம குத்துங்கன்னு?"

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். நம் சார்ஜர் நல்ல சார்ஜர். ஆனால் மின்னல் வெட்டுகிற நேரத்தில், மழையில் நனைந்துகொண்டு தகரக் கொட்டகைக்குக் கீழே நிற்கிற ஒரு மனிதனிடம், வயரைக் கையில் பிடி என்று மாடியறையில் காய்ந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படிச் சொல்வேன்? அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வேண்டாம்" என்றேன். "அவங்க செஞ்சது சரி. நான் அங்க நின்னாலும் அதைத்தான் செய்வேன்."

கட்டத்தில் 'இல்லை' என்பதை அழுத்தினேன்.   அழுத்திய கையோடு துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டேன். அங்கே ஷிப்டில் இருந்த அதிகாரியை எனக்குப் பழக்கம் கிடையாது. நாலு நாளாகப் போனில் பேசிய பழக்கம்தான்.

"சார், வண்டியெல்லாம் கழண்டுருச்சு. சொன்னதுல பாதிகூட எங்களால தர முடியாது. இப்பவே குறையுது."

"என்ன மேடம் வெளையாடுதீகளா? இங்க மீட்டரு உச்சியில நிக்கி! பஸ் நிக்கில்லா? நானும் கம்ப்யூட்டர்ல பாக்கேன், பஸ்ஸுல அம்புட்டு இருக்கே!"

"அது நம்ம கரண்ட் இல்ல சார்."

"பொறவு யாருது?"

"கூமாப்பட்டிக்குப் போற பிள்ளைகளுது."

மழைச் சத்தத்துக்கு மேலே, "நான் பஜாரை அணைக்கணும் மேடம்" என்றார். "தீபாவளிக் கூட்டம். கடைக்காரவிய நேரே இங்கதான் வருவாக. என் தலையை உருட்டிருவாக."

"என் பேரைச் சொல்லுங்க சார். அந்தம்மா தரமாட்டேன்னுட்டான்னு சொல்லுங்க."

"வச்சிருங்க" என்றார். வைத்துவிட்டார்.

ஜன்னலில் இருந்து பார்த்தால் பஜார் பக்கத்து வெளிச்சம் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தேன். சீரியல் விளக்கெல்லாம் மொத்தமாக அணைந்தது. 'ஓ'வென்று ஒரு கூச்சல் கிளம்பி மழைக்குள் அமுங்கியது.  பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் இருட்டில் நிற்கிறார்களோ என்று நினைத்தேன். ஆனால் நான் இல்லை என்று முன்கூட்டியே சொன்னதால் அந்த அதிகாரிக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. அதை வைத்து அவர் எதை அணைப்பது என்று யோசித்துத் தேர்ந்தெடுத்தார். ஆஸ்பத்திரி லைனையும் குடிநீர் லைனையும் பிரித்து வைத்துவிட்டுத்தான் பஜாரில் கை வைத்தார். இதைப் பின்னால் ஒருநாள் அவரே சொன்னார். நான் தருவேன் தருவேன் என்று இழுத்துவிட்டுக் கடைசி நொடியில் கைவிரித்திருந்தால், எது அணைய வேண்டும் என்பதை அந்த மின்மாற்றியே தீர்மானித்திருக்கும். உங்களால் முடியாது என்று தெரிந்தால், அசிங்கத்துக்குப் பயந்து அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தலைவர் கூப்பிட்டார். "அனுமதி கொடுங்கள். இது உத்தரவு" என்றார்.

"முடியாது சார். கையிருப்பு உங்கள் கையெழுத்தோடு இருக்கிறது."

"அந்தக் கையெழுத்தைப் போட்ட நானேதான் சொல்கிறேன்."

"அப்படியானால் என்னை மாற்றிவிட்டு வேறு ஆளை உட்காரவைத்து அழுத்தச் சொல்லுங்கள். நான் இந்த நாற்காலியில் இருக்கும்வரை அழுத்த மாட்டேன்."

அவர் கத்தினார். நானும் கத்தினேன். மணிகண்டன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன் அன்றைக்கு வேலையை விட்டே ஓடிப்போகாதது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

ஏழேகாலுக்குப் பேருந்து கிளம்பியது. ஓட்டுநர் முருகேசனைக் கூப்பிட்டேன். "ஓடையில தண்ணி வந்திருந்தா இறங்காதீங்க. சுத்திப் போங்க. சார்ஜைப் பத்தி யோசிக்காதீங்க, தாராளமா இருக்கு" என்றேன். "சரி மேடம்" என்றார். மழை விடவில்லை, இடியும் விடவில்லை. ஒரு ஆட்டோகூடத் திரும்ப இணையவில்லை. மணிகண்டன் போட்ட கணக்கை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவரே ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்வரை பேருந்து திரையில் தெரிந்தது. அதற்கப்புறம் டவர் போய்விட்டது. முருகேசன் போனும் கிடைக்கவில்லை. இந்த வேலையில் மிகக் கஷ்டமான நேரம் எது என்று கேட்டால், முடிவெடுக்கிற நேரம் என்று சொல்ல மாட்டேன். எடுத்த முடிவை மாற்றவும் முடியாமல், அதன் பலன் தெரியவும் தெரியாமல் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம்தான். எட்டரை ஆனது. பஜாருக்கு வெளிச்சம் திரும்பி வந்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஒன்பது மணிக்குச் சாத்தப்படுகிற ஒரு வாசல்கதவு மட்டும்தான் கண் முன்னால் நின்றது. அந்தக் கதவை நான் பார்த்ததே கிடையாது.

மணி ஒன்பதை நெருங்கும்போது போன் அடித்தது. முருகேசன்.

"கூமாப்பட்டி வந்து எல்லாரையும் இறக்கிட்டேன் மேடம். ஓடையில முழங்காலுக்கு மேல தண்ணி. எனக்கு முன்னால போன வேன் ஒண்ணு இறங்கி நின்னுபோச்சு, கயித்தைக் கட்டி இழுத்துட்டு இருந்தாக. செத்த நேரம் யோசிச்சேன். பொறவு மீட்டரைப் பாத்தேன், நிறைய இருந்துச்சு. வண்டியைத் திருப்பிட்டேன்."

போனை வைத்துவிட்டு, முன்பு கீழே வைத்த டீயை எடுத்தேன்; ஆடை கட்டிப் போயிருந்தது. மணிகண்டன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தலைவர் விடவில்லை. அன்றைக்கே மறுபடியும் கூப்பிட்டார். அதற்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார். சுற்று வழியில் போயும் பேருந்தில் மிச்சம் இருந்திருக்கிறது; நான் அனுமதி கொடுத்திருந்தால் பஜாரை அணைக்காமலே சமாளித்திருக்கலாம், பேருந்தும் கூமாப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், கடைசிச் சொட்டில் என்றாலும் சேர்ந்திருக்கும் என்றார். அவர் கணக்கில் தப்பில்லை. நானும் போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது.

"சேர்ந்திருக்கும் சார்" என்றேன். "ஆனால் ஓடைக்கு முன்னால் நிற்கிற முருகேசன் உங்கள் கணக்கைப் பார்க்க மாட்டார். அவர் மீட்டரைப் பார்ப்பார். அது சிவப்பில் இருந்திருந்தால், சுற்றிப் போகிற தைரியம் அவருக்கு வந்திருக்குமா? வண்டியைத் தண்ணீரில் இறக்கியிருப்பார். பின்னால் அத்தனை பிள்ளைகள்."

அவர், "காலையில் பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

மிச்சம் இருந்ததை வைத்து நம்மைக் குற்றம் சொல்வது சுலபம். எல்லாம் முடிந்த பிறகு, எது வீணாகக் கிடந்தது என்று எவரும் சொல்லலாம். நீங்கள் ஒரு வண்டியில் கொஞ்சம் விட்டுவைக்கும்போது, அந்த ஓட்டுநர் பயப்படாமல் நல்ல முடிவு எடுப்பதற்காகவும்தான் விட்டுவைக்கிறீர்கள். அதை எந்தக் கணக்கிலும் காட்ட முடியாது. காட்ட முடியாவிட்டாலும் விட்டுவையுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு என்னென்ன மாற்றினோம் என்பது உங்களுக்குக் கொடுத்திருக்கிற கையேட்டில் இருக்கிறது. மலையில் மழைக் கருக்கல் கட்டினாலே பாதி வண்டி இல்லை என்று வைத்துக்கொண்டு துணைமின் நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு வண்டியின் பங்கை இன்னொன்றின் தலையில் கட்டுகிற அந்தக் குணத்துக்குக் கடிவாளம் போட வேண்டும். இந்த இரண்டையும் மணிகண்டன்தான் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்து முடித்தார். கையிருப்பைத் தொடுகிற கட்டத்தையே எடுத்துவிடச் சொன்னேன். இப்போது உங்கள் திரையில் அந்தக் கேள்வி வராது. அதை மறுபடியும் கொண்டுவரலாம் என்று எப்போதாவது யாராவது நல்ல காரணங்களோடு வருவார்கள். அப்போது விட்டுக்கொடுக்காதீர்கள். ஆட்டோக்காரர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேருந்துக்காக பஜாரையே அணைத்தார்கள் என்ற செய்தி ஸ்டாண்டுகளில் பரவியது. சிலர் திட்டினார்கள். ஆனால் அதுவரை "நம்ம சார்ஜை உறிஞ்சிட்டு நடுரோட்டுல விட்டுருவாங்க" என்று சேராமல் இருந்தவர்கள் பல பேர் அந்த மாதத்தில்தான் வந்து சேர்ந்தார்கள்.

அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் காலை தலைவரிடம் பேசுவதற்கு முன்னால், நான் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். ஆலை வாசலில் போய் நின்றேன். காவலாளி, "என்ன மேடம், ஏதும் ரிப்பேரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மற்ற ஊர்ப் பேருந்துகள் வந்து நின்றன. கூமாப்பட்டிப் பேருந்தைக் காணோம். வானம் கழுவிவிட்டது போல வெளுத்துக் கிடந்தது. நான் காவலாளியின் ஸ்டூலில் உட்கார்வதும் எழுந்திருப்பதுமாக இருந்தேன்.

கடைசியாக அது வந்தது, சக்கரமெல்லாம் சேறு. கதவு திறந்தது. ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இறங்கிக்கொண்டே இருந்தார்கள், பேச்சியைக் காணோம். பேருந்தின் பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்து டிபன் வாளியைத் தேடி எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் கடைசியாக அவள் இறங்கினாள்.

"என்ன மேடம், காலங்காத்தால இங்க நிக்கீக?"

"சும்மாதான். நேத்து எப்ப வீட்டுக்குப் போன?"

"அதை ஏன் கேக்கீக! வழியெல்லாம் தண்ணி. சுத்திக் கூட்டிட்டுப் போனாரு. நான் படியேறுதேன், எங்க மாமனாரு கதவுல கைய வச்சிட்டு நிக்காரு."

"என்ன சொன்னாரு?"

"கடியாரத்தைப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு.  பொறவு, 'நாளைக்கும் மழை இருக்குமாம், போகும்போது குடையை எடுத்துட்டுப் போ'ன்னாரு."

உள்ளே சங்கு ஊதியது. "ஏட்டி பேச்சி, வா!" என்று யாரோ கத்தினார்கள். அவள் டிபன் வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு ஓடினாள். ஒரு சொட்டு மழை இல்லாத அந்தக் காலையில், ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை ஒன்று அவள் கக்கத்தில் இருந்தது.